மலை ஏறுபவருக்கு எந்தப் பனியன்?

மார்கழி விடியலில், அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சைக்கிள் மிதிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடப்பதற்குள் பருத்திப் பனியன் தொப்பலாகிவிடும். மேலே போய் நின்றதும் உடல் வெடவெடக்கிறதே, ஏன்?

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஆனால் இது பாதிக் காரணம்தான். மீதி பனியனில் இருக்கிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். அதில் பெரும்பகுதியை உங்கள் உடலே கொடுக்கிறது. மிதிக்கும்போது இது நன்மை, நின்றபின் தொல்லை. போதாக்குறைக்கு, நனைந்த பருத்தி தோலோடு ஒட்டிக்கொள்கிறது. இழைகளுக்கிடையே காற்று இருந்த இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது. நீரோ காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும்!

மெரினோ ஆட்டின் உரோமம் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழைக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும். தொட்டால் ஈரம் தெரியாது. சுருள் சுருளான இழை காற்றையும் பிடித்து வைக்கும். கம்பளி குத்துமே என்கிறீர்களா? குத்துவது சுமார் 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழை. மெரினோ இழை பெரும்பாலும் 24 மைக்ரானுக்கும் குறைவு. தோலில் பட்டதும் வளைந்துவிடும். மெல்லியது என்பதால் விரைவில் நைந்துபோவதும் உண்டு. அதனால்தான் நைலானோ, ஈரத்தை அநேகமாக உறிஞ்சாத பாலியெஸ்டரோ கலந்து நெய்கிறார்கள்.

கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்தில் ‘பாரத் மெரினோ’ ஆடுகளையே நீங்கள் பார்க்கலாம்.

மெரினோ பனியன் விலை அதிகம். இல்லாதவர்கள் உலர்ந்த பனியன் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு, ஏரிக்கரைக் காற்றில் போய் நிற்பதற்கு முன்பே மாற்றிக்கொள்ளலாம்.