கோழிகளின் சரீரக் காவல்: பி அணுக்களும் டி அணுக்களும் கூடி உழைக்கும் விதம்

வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து கொடுத்த பின்னும் கோழிகள் மடிந்துபோயின என்னும் முறையீடு கிராமங்களில் அடிக்கடி கேட்கப்படுவதொன்றாம். அடைவைத்துப் பொரித்த குஞ்சுகளைப் பருந்துக்கும் கீரிக்கும் தப்புவித்து, தீனியும் தண்ணீரும் இட்டு வளர்த்து, சந்தைக்குக் கொண்டுபோகும் தருணத்தில் ஒரே வாரத்தில் பஞ்சாரம் காலியாகிவிடுமாயின், அக்குடும்பத்தாருக்கு உண்டாகும் நஷ்டம் சொற்பமன்று. அந்நிலையில், "மருந்தில் சத்தில்லை" என்று எண்ணி, அடுத்த முறை பொரித்த குஞ்சுகளுக்கு மருந்தே கொடாமல் விட்டுவிடுவோரும் உளர். மருந்து வெயிலில் கெட்டுப்போயிருத்தலும் சில சமயங்களில் உண்மையே. ஆயினும், மருந்து நல்லதாயிருந்தும் பலியாமற்போவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனை அறிய வேண்டுமாயின், கோழியின் சரீரத்தினுள் நடைபெறும் காவல் வேலையைச் சற்றே தெரிந்துகொள்ளுதல் அவசியம்.

மருந்து செய்வது யாது?

தடுப்பு மருந்து நோய்க்கிருமியைத் தானே கொல்வதன்று. வெள்ளைக் கழிச்சலுக்கு ராணிக்கெட் நோய் என்றும் பெயருண்டு. 1926-ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலும், இங்கிலாந்தில் நியூகாசில் நகரிலும் காணப்பட்ட இந்நோய், அதனையடுத்துக் குமாவோன் மலையிலுள்ள ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டமையால் இந்நாட்டில் அப்பெயரைப் பெற்றது. இதனை உண்டாக்குவது வைரஸ் என்னும் மிக நுண்ணிய கிருமியாம். வலிமை குன்றிய அதே இன வைரஸைக் குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விடுவதே தடுப்பு மருந்து கொடுத்தல் எனப்படுவது. அச்சொட்டு, வரப்போகும் பகைவனின் அடையாளத்தைச் சரீரத்திற்கு முன்கூட்டியே காட்டிவைக்கிறது. அடையாளத்தைக் கண்டு படை திரட்டுவது கோழியின் சொந்த வேலை. அவ்வேலையைச் செய்வன ரத்தத்திலுள்ள வெள்ளணுக்களில் இருவகையின. ஒருவகைக்குப் பி அணுக்கள் என்றும், மற்றொருவகைக்கு டி அணுக்கள் என்றும் பெயர்.

அவை பயிற்சி பெறுமிடம்

கோழியின் எச்சத்துவாரத்திற்கு மேற்புறமாக, முதுகெலும்பை ஒட்டி, ஒரு சிறு பை உண்டு. குஞ்சுப் பருவத்தில் வளர்ந்து, கோழி முட்டைப் பருவத்தை அடையும்போது சுருங்கி மறைவது இதன் இயல்பு. இத்தாலி தேசத்துப் பாதுவா நகரத்தில் சரீர சாஸ்திரம் போதித்த பாப்ரிசியஸ் என்னும் பண்டிதர் இதனை விவரித்தமையால், இது பாப்ரிசியஸின் பர்ஸா என வழங்கலாயிற்று. பர்ஸா என்பதற்குப் பை என்று பொருள். இப்பையிற் பயிற்சி பெற்று வெளிவருவன பி அணுக்கள்.

கழுத்தின் இருபுறத்திலும், மணிகளைக் கோத்தாற்போல வரிசையாய் அமைந்துள்ள தைமஸ் சுரப்பியிற் பயிற்சி பெற்று வெளிவருவன டி அணுக்கள். பர்ஸா, தைமஸ் என்னும் பெயர்களின் முதலெழுத்துக்களே இவ்விரு வகைகளுக்கும் பெயராயின. ஆடு, மாடு, மனிதன் முதலிய பாலூட்டிகளுக்குப் பர்ஸா கிடையாது. மனிதன் முதலியவற்றின் பி அணுக்கள் எலும்பு மஜ்ஜையிலேயே உருவாகின்றன. ஆயினும், பெயர் கொடுத்த பெருமை கோழியையே சார்ந்தது.

கண்டறிந்த வரலாறு

இப்பை எதற்காக உளது என்பது முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக விளங்காதிருந்தது. 1950-களில் அமெரிக்காவில் ஒஹையோ மாகாண சர்வகலாசாலையில் கோழியினங்களை ஆராய்ந்த புரூஸ் கிளிக் என்னும் மாணவர், இளங்குஞ்சுகளினின்று இப்பையை அறுத்தெடுத்து, வளர்ச்சியில் யாதேனும் மாறுதல் நேருமோ எனக் கவனித்து வந்தார். குறிப்பிடத்தக்க மாறுதல் ஒன்றும் தோன்றவில்லை. அச்சமயம் திமோத்தி சாங் என்னும் உடன்மாணவருக்கு, வகுப்பில் ஒரு பரிசோதனையைக் காட்டும் பொருட்டுக் கோழிகள் தேவையாயின. கழிச்சலை உண்டாக்கும் ஒருவகைக் கிருமியை ஊசிமூலம் செலுத்தி, அதற்கு மாறாக ரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாவதைக் காட்டுவதே அப்பரிசோதனை. கிளிக் கொடுத்த கோழிகளுட் பல எதிர்ப்பொருளை உண்டாக்கவில்லை. கணக்கைப் புரட்டிப் பார்க்குமிடத்து, அவை பை எடுக்கப்பட்ட கோழிகளே என்பது தெரியவந்தது. இவ்வுண்மை 1956-ஆம் ஆண்டில் கோழியியல் பத்திரிகையொன்றில் வெளியாயிற்று. வைத்திய உலகம் அதனைப் பொருட்படுத்துவதற்குச் சில ஆண்டுகள் சென்றன.

1961-ஆம் ஆண்டில் ஜாக் மில்லர் என்பவர், பிறந்தவுடன் தைமஸ் நீக்கப்பட்ட சுண்டெலிகள் நோயை எதிர்க்குந் திறனை இழப்பதை லண்டனில் கண்டறிந்தார். 1965-ஆம் ஆண்டில் மாக்ஸ் கூப்பரும் அவருடைய கூட்டாளிகளும் மின்னசோட்டா சர்வகலாசாலையில் கோழிக்குஞ்சுகளைக் கொண்டு செய்த பரிசோதனைகளால், இவ்விரு உறுப்புக்களினின்றும் தோன்றுவன வெவ்வேறு வேலைகளையுடைய வெவ்வேறு அணுக்கள் என்பது நிலைநாட்டப்பட்டது.

வேலை வேறாயினும் அவை தனித்தனியே இயங்குவனவல்ல என்பது அடுத்து வெளிப்பட்டது. 1966-ஆம் ஆண்டில் ஹென்றி கிளாமன் என்பவர், கதிர்வீச்சினால் தம் வெள்ளணுக்களை இழந்த சுண்டெலிகளை எடுத்துக்கொண்டார். சிலவற்றுக்குத் தைமஸ் அணுக்களை மட்டும், சிலவற்றுக்கு மஜ்ஜை அணுக்களை மட்டும், மற்றும் சிலவற்றுக்கு இரண்டையும் சேர்த்துச் செலுத்தினார். ஒன்றை மட்டும் பெற்றவற்றில் எதிர்ப்பொருள் மிகச் சொற்பமாகவே உண்டாயிற்று. இரண்டையும் பெற்றவற்றிலோ, அவ்விரு சொற்பங்களையும் கூட்டினாற் கிடைப்பதைக் காட்டிலும் மிக அதிகமாக உண்டாயிற்று. எதிர்ப்பொருளைச் செய்வன மஜ்ஜையினின்று வந்தவையே என்பதையும், தைமஸ் அணுக்கள் அவற்றுக்குத் துணைபுரிவன என்பதையும் 1968-ஆம் ஆண்டில் மில்லரும் கிரஹாம் மிட்செலும் மெல்போர்ன் நகரில் விளக்கினர்.

கூடி உழைக்கும் விதம்

ஒவ்வொரு பி அணுவின் மேற்புறத்திலும் ஒரே வடிவமுடைய கொக்கிகள் பல உள. ஓரணுவின் கொக்கி மற்றோரணுவின் கொக்கியை ஒத்திராது. ஆதலால், கோடிக்கணக்கான பி அணுக்களுள் மிகச் சிலவே ராணிக்கெட் வைரஸைப் பற்றக்கூடியன. அவ்வாறு பற்றிய பி அணு, வைரஸை உள்ளிழுத்துத் துண்டு துண்டாக்கி, அத்துண்டுகளைத் தன் மேற்புறத்தில் எடுத்துக் காட்டி நிற்கிறது. எனினும், அது உடனே எதிர்ப்பொருளைப் பெருக்கத் தொடங்குவதில்லை; உத்தரவை எதிர்பார்க்கிறது.

இதற்கிடையில், சரீரத்திற் சுற்றித் திரியும் வேறொருவகைக் காவலணுக்கள் அதே வைரஸைக் கவர்ந்து, அதன் துண்டுகளை டி அணுக்களுக்குக் காட்டுகின்றன. அத்துண்டுடன் பொருந்தக்கூடிய டி அணு விழித்தெழுந்து பெருகுகிறது. இவ்வாறு எழுந்த துணை டி அணுவும், துண்டைக் காட்டி நிற்கும் பி அணுவும் மண்ணீரல் முதலிய இடங்களிற் சந்திக்கின்றன. பி அணு காட்டுவது தான் அறிந்த அதே துண்டே என்று கண்டால், டி அணு அதனைத் தொட்டு, சில ரசங்களையும் சுரந்து, உத்தரவு அளிக்கிறது. அதன் பின்னரே பி அணு பலவாகப் பெருகுகிறது. அவற்றுட் பல எதிர்ப்பொருளைச் சுரக்கும் தொழிற்சாலைகளாய் மாறுகின்றன. அத்தகைய அணு ஒவ்வொன்றும் விநாடிதோறும் ஆயிரக்கணக்கான எதிர்ப்பொருள் மூலக்கூறுகளை வெளியிடுகிறது. வேறு சில, பகைவனின் அடையாளத்தை மறவாத நினைவணுக்களாகி நெடுங்காலம் தங்குகின்றன. டி அணுக்களிலும் இத்தகைய நினைவணுக்கள் உண்டு.

கோயில் நகைப்பெட்டிக்கு இரண்டு பூட்டு இட்டு, ஒரு சாவியைத் தர்மகர்த்தாவிடத்தும் மற்றொன்றை மணியக்காரரிடத்தும் கொடுத்து வைப்பது வழக்கம். இருவரும் ஒருங்கே வந்தாலன்றிப் பெட்டி திறவாது. சரீரத்திலும் பெரும்பாலும் அத்தகைய ஏற்பாடே உளது. ஒரே அணுவின் தீர்ப்பைக் கொண்டு போர் தொடங்குமாயின், தன் சரீரத்தையே பகையென்று மயங்கித் தாக்குதல் எளிதில் நேரிடும். இருவகை அணுக்களும் ஒரே பகைவனைத் தனித்தனியே கண்டு ஒத்துக்கொள்ள வேண்டும் என்னும் நியதி அவ்வபாயத்தைக் குறைக்கிறது.

எதிர்ப்பொருள், ரத்தத்திலும் கண்ணீரிலும் சளியிலும் திரியும் வைரஸைப் பற்றி முடக்கவல்லது. ஆனால் ஓர் அணுவினுள் புகுந்துவிட்ட வைரஸை அது அணுக முடியாது. அவ்விடத்துக்குக் கொல்லும் டி அணுக்கள் என்னும் வேறொரு பிரிவினர் சென்று, வைரஸ் குடிபுகுந்த அணுவையே அழித்துவிடுகின்றனர். வெளியே ஒருவரும் உள்ளே ஒருவருமாக இவ்வாறு காவல் முற்றுப்பெறுகிறது.

காவலரையே கொல்லும் நோய்

மருந்து பலியாமைக்குரிய காரணம் இப்பொழுது விளங்கும். அமெரிக்காவில் டெலவேர் மாகாணத்துக் கம்போரோ என்னும் ஊரில் தோன்றி, 1962-ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்ட நோயொன்று உளது. ஊரின் பெயரே நோயின் பெயராயிற்று. இந்நோயின் வைரஸ், பர்ஸாவிற் பயிற்சி பெற்றுவரும் இளம் பி அணுக்களையே தேடிச்சென்று அழிக்கிறது. மூன்று முதல் ஆறு வாரம் வயதுள்ள குஞ்சுகளுக்கு வந்தால், சோர்வும் வெண்கழிச்சலும் மரணமும் வெளிப்படையாய்க் காணப்படும். அறுத்துப் பார்க்கின் பை முதலில் வீங்கியும் பின்னர்ச் சுருங்கியும் இருக்கும்.

மூன்று வாரத்திற்குட்பட்ட குஞ்சுகளுக்கு வந்தாலோ, பெரும்பாலும் வெளிக்குறி ஒன்றும் தோன்றாது. குஞ்சு தீனி தின்னும்; ஓடியாடும். ஆனால் அதன் பை பாழாகியிருக்கும். அதற்குப் பின் எவ்வளவு உயர்ந்த மருந்து கொடுப்பினும், டி அணு உத்தரவளிக்கக் காத்திருக்க, அவ்வுத்தரவை ஏற்கவேண்டிய பி அணு போதிய அளவில் இராது. ஒரு சாவி மட்டும் இருந்து பெட்டி திறவாத நிலை இதுவே. பின்னர் வெள்ளைக் கழிச்சல் வருங்கால், மருந்து பெற்ற கோழியும் பெறாத கோழியும் ஒருங்கே மடிகின்றன. பழியோ மருந்தின்மேல் விழுகிறது. இதற்கு மாறாக, மாரெக் நோய் எனப்படும் கால்வாத நோயின் வைரஸ் டி அணுக்களிற் குடிபுகுந்து, அவற்றைக் கழலைகளாக மாற்றிவிடுகிறது. மற்றைச் சாவி தொலைவது அதனால்.

கோழி வளர்ப்போர் கைக்கொள்ளத்தக்கவை

முதலாவது, பையைக் காத்தல். தாய்க்கோழி கம்போரோ நோய்க்கு எதிர்ப்பொருள் பெற்றிருப்பின், அது மஞ்சட்கருவின் வழியாகக் குஞ்சுக்குச் சென்று முதல் சில வாரங்கள் காக்கும். அதன் பின் குஞ்சுக்கே தடுப்பு மருந்து வேண்டும். சாதாரணமாக அது இரண்டாம் வாரத்திற் கொடுக்கப்படுகிறது. இவ்வைரஸ் கொட்டகையில் மாதக்கணக்கில் அழியாதிருக்கக்கூடியது. ஆதலால், பழைய கூளத்தை அகற்றிக் கழுவி மருந்து தெளித்துச் சில நாட்கள் காலியாக விட்ட பின்னரே புதுக் குஞ்சுகளை விடவேண்டும்.

இரண்டாவது, காலமறிந்து கொடுத்தல். தாயின் எதிர்ப்பொருள் மிகுந்திருக்கையில் கொடுத்த மருந்தை அதுவே முடக்கிவிடுதலும் உண்டு. வெள்ளைக் கழிச்சலுக்கு முதல் வாரத்திற் சொட்டு மருந்து கொடுத்ததோடு நில்லாமல், நான்காம் வாரத்தில் மறுமுறையும், எட்டாம் வாரத்தில் ஊசியும் போடுவது இதுபற்றியேயாம். நினைவணுக்கள் மறுமுறை அடையாளத்தைக் காணும்போது விரைந்தும் மிகுந்தும் பெருகும் என்பதும் அதற்குரிய மற்றொரு காரணம். கண்ணில் விடுவதற்கும் நியாயமுண்டு. கண்குழியிலுள்ள ஹார்டர் சுரப்பியில் பி அணுக்கள் நிறைந்திருத்தலால், வைரஸ் நுழையும் வாயிலிலேயே காவல் ஏற்படுகிறது.

மூன்றாவது, மருந்தைப் பேணுதல். உயிருள்ள மருந்தாதலால், அதனைப் பனிக்கட்டியில் வைத்தே கொணர்ந்து, நிழலிற் கலந்து, தாமதமின்றி உபயோகித்துவிட வேண்டும். குடிநீரிற் கலந்து கொடுப்பின், குளோரின் சேர்ந்த குழாய்நீர் கூடாது.

நான்காவது, நோய் வருமுன் கொடுத்தல். இருவகை அணுக்களும் சந்தித்துப் பெருகி எதிர்ப்பொருள் போதிய அளவு உண்டாக ஒரு வாரத்துக்கு மேலும் செல்லும். பக்கத்து வீட்டுக் கோழி மடிந்த பின் மருந்துக்கு ஓடுவது, வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டப் புகுவதையொக்கும். நோயுற்றுச் சோர்ந்திருக்கும் பறவைகளுக்கு மருந்து கொடுப்பதிலும் பலனில்லை.

மருந்து பெற்ற கோழிகள் மடியுமாயின், மருந்தைப் பழித்து அவற்றைப் புதைத்துவிடாமல், புதிதாய் இறந்த ஒன்றிரண்டைக் கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டுசென்று அறுத்துப் பார்க்கச் செய்வது மிகவும் நன்மை பயப்பதாம். எச்சத்துவாரத்தின் மேலுள்ள சிறு பையின் நிலையைக் கண்டு, மருந்து தவறியதா, காவலர் முன்னரே மாண்டனரா என்பதை வைத்தியர் பெரும்பாலும் கூறிவிடுவர். அதனை அறிந்து நடப்போர், அடுத்து அடைவைக்கும் குஞ்சுகளையேனும் பிழைக்கச் செய்து, தம் உழைப்பின் பயனை முழுதும் அடைவர் என்பது திண்ணம்.