கொட்டகையில் கட்டும் ஷ்விம்வாகன்

இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனியில் 15,584 நீந்தும் கார்கள் தயாராயின. தொழிற்சாலைக் கணக்கில் அவை வோல்க்ஸ்வாகன் டைப் 166. ஷ்விம்வாகன் என்ற பெயரில்தான் உலகம் அவற்றை அறியும். நிலத்தில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிவரும் வண்டி, ஆற்றங்கரையில் புரொபெல்லரை இறக்கிக்கொண்டு தண்ணீருக்குள் புகுந்து, 10 கிலோமீட்டர் வேகத்தில் அக்கரை சேரும். நீரிலும் நிலத்திலும் ஓடும் லாரிகளில் இதைவிட அதிகம் தயாரானது உண்டு. கார்களில் இத்தனை எண்ணிக்கையை வேறெதுவும் எட்டவில்லை.

போர் தின்றது போக மிஞ்சியவை மிகக் கொஞ்சம். அவற்றின் விலையும் சாதாரண கார்ப் பிரியரின் கைக்கு எட்டாது. அதனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிலர் தங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே இதன் நகலைக் கட்டிப் பார்க்கிறார்கள். பழைய ஜீப் ஒன்றின் நகல் என்றால் பார்வைக்கு ஒத்திருந்தால் போதும், அணிவகுப்பில் ஓட்டிக்கொண்டு போய்விடலாம். ஷ்விம்வாகன் நகலைக் கட்டியவர் தண்ணீரில் இறங்கியே ஆக வேண்டும். தொழிற்சாலைப் பொறியாளர்கள் எதற்காக எதைச் செய்தார்கள் என்று ஒவ்வொரு இடத்திலும் புரிந்துகொள்ளாமல் கட்டினால், வண்டி அவரோடு சேர்ந்து மூழ்கும். இந்த நகலை நான் மதிப்பது அதனால்தான்.

முதலில் மூல வண்டியைப் பார்ப்போம். ஃபெர்டினாண்ட் போர்ஷேயின் நிறுவனத்தில் கார் உடல்களை வடிவமைத்தவர் எர்வின் கொமெண்டா. பீட்டில் காரின் வளைந்த உருவத்திலும் அவர் கை உண்டு. ஷ்விம்வாகனுக்கு அவர் கொடுத்தது தனி அடிச்சட்டம் இல்லாத ஒரு எஃகுத் தொட்டி. கதவு கிடையாது, ஏறித் தாண்டித்தான் உட்கார வேண்டும். நீளம் 382 சென்டிமீட்டர், அகலம் 148, எடை 910 கிலோ. பின்புறத்தில் 1,131 சிசி கொள்ளளவும் 25 குதிரைத்திறனும் உள்ள, காற்றால் குளிரும் நான்கு சிலிண்டர் இன்ஜின். முதல் கியரில் நான்கு சக்கரமும் சுழலும், மற்ற கியர்களில் பின்சக்கரங்கள் மட்டும்தான். சேற்றுக் கரையில் ஏறும் அந்தச் சில நொடிகளுக்குத்தான் நான்கு சக்கர இழுவை தேவை என்று கணித்திருக்க வேண்டும்.

நகல் கட்டுவோருக்குப் பெரிய அனுகூலம், இந்த வண்டியின் உள்ளுறுப்புகள் பீட்டிலுக்கு உறவு என்பதுதான். பீட்டில் 2003 வரை, இரண்டு கோடிக்கும் மேல் தயாரான கார். இன்ஜினும் கியர்பாக்ஸும் முன் ஆக்சிலும் இன்றும் தேடினால் கிடைக்கும். பழைய பீட்டில் ஒன்றை வாங்கி, உடலைக் கழற்றி எறிந்து, அடித்தளத்தை மட்டும் வைத்துக்கொள்வதுதான் பெரும்பாலும் முதல் வேலை.

இரண்டாவது வேலை, அந்த அடித்தளத்தை வெட்டுவது. பீட்டிலின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 240 சென்டிமீட்டர். ஷ்விம்வாகனுக்கு 200. நாற்பது சென்டிமீட்டரை நடுவிலிருந்து எடுத்துவிட்டு இரு பாதிகளையும் சேர்த்துப் பற்றவைக்க வேண்டும். பீட்டிலின் நடுவே முதுகெலும்பாக ஓடும் குழலுக்குள் கியர் கம்பி, கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் எல்லாம் போகின்றன. குழலைக் குறைத்தால் அத்தனையையும் குறைக்க வேண்டும். இரு பாதிகளும் கோணலாகச் சேர்ந்தால் வண்டி சாலையில் ஒரு பக்கமாக இழுக்கும். ஆகவே அனுபவமுள்ளவர்கள் வெட்டுவதற்கு முன்பே இரும்புக் கோணச் சட்டங்களால் தளத்தை மேசையோடு இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள்.

மூல வண்டியின் பின்சக்கர அச்சில், சக்கரத்தை ஒட்டியே ஒரு சிறு கியர் பெட்டி உண்டு. ஆக்சில் உயரமாக வந்து, அந்தப் பெட்டிக்குள் ஒரு பல்சக்கரச் சோடி வழியாகக் கீழே இறங்கிச் சக்கரத்தைச் சுழற்றும். அடிப்பகுதி தரையிலிருந்து எழும்பும், இழுவிசையும் கூடும். இதே முறையை 1967 வரை வந்த வோல்க்ஸ்வாகன் வேன்களிலும் வைத்திருந்தார்கள். ஆகவே பழைய வேனிலிருந்து அந்தப் பெட்டிகளைக் கழற்றி பீட்டில் கியர்பாக்ஸில் மாட்டலாம் என்று தோன்றும். மாட்டினால் என்ன ஆகும் தெரியுமா? நான்கு கியர்களிலும் வண்டி பின்னால் போகும், ரிவர்ஸில் போட்டால் முன்னால் போகும். ஒரு பல்சக்கரம் இன்னொன்றைச் சுழற்றும்போது சுழலும் திசை மாறுமல்லவா, அதுதான் காரணம். வேனின் கியர்பாக்ஸில் டிஃபரென்ஷியலின் பெரிய பல்சக்கரத்தை எதிர்ப்பக்கம் மாட்டி இதைச் சரிசெய்திருப்பார்கள். நகல் கட்டுபவரும் அதையே செய்ய வேண்டும், இல்லையென்றால் வேனின் கியர்பாக்ஸையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து தொட்டி. போர்க்காலத்தில் பெர்லினில் இருந்த அம்பி-பட் ஆலை, ராட்சத அச்சு இயந்திரங்களில் தகட்டை அழுத்தி இதைச் செய்துகொடுத்தது. கொட்டகையில் அந்த வசதி இல்லை. இரண்டு வழிகள் உண்டு. மூல வண்டியிலிருந்து அச்சு எடுத்து ஃபைபர் கிளாஸில் வார்ப்பது ஒன்று, துரு பிடிக்காது, எடையும் குறைவு. மற்றது மெல்லிய எஃகுத் தகட்டை வெட்டி வளைத்துப் பற்றவைப்பது. எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான், ஆனால் பொறுமையைச் சோதிக்கும் வேலை. மெல்லிய தகட்டில் ஒரே மூச்சில் வெல்டிங் ஓட்டினால் சூட்டில் நெளிந்து போகும். இங்கொரு பொட்டு, அங்கொரு பொட்டு என்று இடம் மாற்றி வைத்து, ஆறவிட்டு, மீண்டும் இடையில் வைத்துக்கொண்டே வர வேண்டும். இப்படிச் சேர்ந்த இணைப்பில் எங்காவது ஊசிமுனை ஓட்டை இருந்தே தீரும்.

அதைக் கண்டுபிடிக்கப் படகுப் பட்டறைகளில் பழக்கத்திலுள்ள ஒரு சோதனை மிக அழகானது. இணைப்பின் வெளிப்புறத்தில் சுண்ணாம்பைக் கரைத்துப் பூசிக் காயவிடுவார்கள். உட்புறத்தில் மண்ணெண்ணெய் தடவுவார்கள். மண்ணெண்ணெய் தண்ணீரைவிட எளிதாக நுண்ணிய இடுக்குகளில் புகும். சிறிது நேரம் கழித்து வெளியே வந்து பார்த்தால், வெள்ளைப் பூச்சில் ஈரக்கறை படிந்திருக்கும் இடமெல்லாம் ஓட்டை. அதைக் குறித்துக்கொண்டு, மண்ணெண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து உலரவிட்ட பிறகுதான் மறுபடி வெல்டிங். பூச்சும் பெயின்ட்டும் இந்தச் சோதனைக்குப் பிறகே. பெயின்ட் அடித்து அடைத்த ஓட்டை முதல் குலுங்கலிலேயே திறந்துவிடும்.

தகட்டின் ஓட்டைகளைவிடத் தொல்லை தருபவை நாமே போட்டாக வேண்டிய ஓட்டைகள். பின் ஆக்சில்கள், ஸ்டியரிங் கம்பி, பிரேக் குழாய்கள் எல்லாம் தொட்டியைத் துளைத்துக்கொண்டுதான் வெளியே போகின்றன. பின் ஆக்சில் மேலும் கீழும் அசைவதால், அதோடு சேர்ந்து அசையும் ரப்பர் மடிப்புறை வேண்டும். அது கல்லடி பட்டுக் கிழியும், வெயிலில் வெடிக்கும். ஆண்டுதோறும் பார்க்க வேண்டிய பொருள் அது.

இனி மிதப்பு. ஆர்க்கிமிடீஸ் விதி எல்லோருக்கும் பாடத்தில் வந்ததுதான். வண்டி தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஒதுக்கினால் மிதக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் கணக்கு எளிது. தொட்டி நீர்மட்டத்தில் தோராயமாக 4 சதுர மீட்டர் பரப்பு கொண்டது என்று வைத்துக்கொண்டால், அது ஒரு சென்டிமீட்டர் கீழே போவதற்கு 40 கிலோ வேண்டும். இரண்டு பெரியவர்கள் ஏறினால் மூன்றரை சென்டிமீட்டர் போல இறங்கும். "கொஞ்சம் தடிமனான தகடு போட்டால் உறுதியாக இருக்குமே" என்று 200 கிலோ கூட்டிவிட்டால், யாரும் ஏறுவதற்கு முன்பே ஐந்து சென்டிமீட்டர் போய்விட்டது. அலை தாண்டி உள்ளே வராமல் காக்கும் விளிம்பு உயரம் அவ்வளவு குறைந்தது என்று பொருள்.

இந்தத் தவறைத் தொழிற்சாலையே செய்திருக்கிறது. அமெரிக்காவில் ஜீப்பை நீந்தவைத்து ஃபோர்டு நிறுவனம் 1942, 43ஆம் ஆண்டுகளில் தயாரித்த ஜிபிஏ, திட்டமிட்ட எடையைத் தாண்டிப் பெருத்தது. அதற்கேற்ப உடலின் கொள்ளளவைக் கூட்டவில்லை. அமைதியான ஏரியில் ஓடியது, அலை அடித்த இடத்தில் மூழ்கியது. அதே ஜிபிஏவை பென் கார்லின் என்ற ஆஸ்திரேலியர் எடுத்து, மேலே கூண்டு கட்டி, எரிபொருள் தொட்டிகள் சேர்த்து, தன் கையாலேயே மாற்றியமைத்து 1950இல் அட்லாண்டிக்கில் இறக்கினார். 1958இல் உலகைச் சுற்றி முடித்தார். போர்க்காலத்தில் இந்திய ராணுவத்தில் பொறியாளராகப் பணிபுரிந்தவர் அவர். இந்த யோசனை பிறந்ததும் 1946இல் வங்காளத்தில் ஒரு விமானத் தளத்தில் ஜிபிஏ ஒன்றைப் பார்த்தபோதுதான். வீட்டுக் கொட்டகைக் கைவேலைக்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியாது.

ஷ்விம்வாகனில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி புரொபெல்லர். பீட்டில் வகை இன்ஜினில் கிளட்ச் முன்பக்கம் இருக்கிறது, கிராங்க் ஷாஃப்டின் மறுமுனை வண்டியின் வால்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முனையில் பல் வைத்த ஓர் இணைப்பு. மூன்று இதழ் புரொபெல்லர் ஒரு கீலில் மாட்டப்பட்டு, நிலத்தில் ஓடும்போது இன்ஜின் மூடியின் மேல் மடங்கிக் கிடக்கும். தண்ணீர் வந்ததும் ஒருவர் அதைக் கீழே இறக்குவார். இறங்கியதும் பற்கள் பொருந்திக்கொள்ளும், உள்ளே ஒரு சங்கிலி சுழற்சியைக் கீழே கொண்டுபோகும். இதைத் தாழ்ப்பாள் போட்டு இறுக்கவில்லை. புரொபெல்லர் தண்ணீரைப் பின்னே தள்ளும்போது அதன் உந்துவிசையே அதை வண்டியோடு அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. கரை நெருங்கி அடியில் கல் தட்டினால் தானாக மேலே எழும்பி விலகிவிடும். இந்த அமைப்பில் புரொபெல்லரால் பின்னால் போக வழியில்லை. அதற்குத் துடுப்பு இருக்கிறது, அல்லது சக்கரங்களை ரிவர்ஸில் சுழற்றிக்கொள்ளலாம். சுக்கானும் தனியாக இல்லை. முன்சக்கரங்களைத் திருப்பினாலே வண்டி திரும்பும்.

நகல் கட்டுபவர்கள் பிற்காலத்து 1,600 சிசி பீட்டில் இன்ஜினைப் போட்டு, சக்தியை இரட்டிப்பாக்கி, தண்ணீரிலும் இருமடங்கு வேகம் எதிர்பார்ப்பதுண்டு. அது நடக்காது. தண்ணீரைக் கிழித்துப் போகும் எந்த உடலும் தன் முன்னே ஒரு அலையை எழுப்பும். வேகம் கூடக் கூட அந்த அலை நீளும். அது உடலின் நீளத்தை எட்டியதும் வண்டி தானே எழுப்பிய மேட்டில் ஏற முடியாமல் தவிக்கும். நாலு மீட்டருக்குக் குறைவான உடலுக்கு இந்த எல்லை மணிக்கு 9 கிலோமீட்டர் அளவில் வந்துவிடுகிறது. மூல வண்டியின் 10 கிலோமீட்டர் இன்ஜினின் பலவீனத்தால் வந்ததல்ல என்பது இதிலிருந்து தெரியும்.

கரையேறிய பிறகும் கவனிக்க வேண்டியவை உண்டு. டிரம் பிரேக்கில் தண்ணீர் புகுந்திருக்கும். பெடலை லேசாக மிதித்தபடியே சற்றுத் தூரம் ஓட்டி உலர்த்தாவிட்டால் பிரேக் பிடிக்காது. சக்கர பேரிங்குகளின் கதை இன்னும் நுட்பமானது. நெடுந்தூரம் ஓடிச் சூடான பேரிங் குளிர்ந்த நீரில் முங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீலின் இடுக்கு வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். கிரீஸ் வெளுத்துக் குழம்பாகும். எனவே ஏரிக்கரைக்கு வந்ததும் அவசரப்படாமல் சக்கரங்கள் ஆறும்வரை நிற்பது நல்லது. முதல் வெள்ளோட்டத்தில் அடைப்பான்கள் எல்லாம் மூடியிருக்கின்றனவா என்று இருவர் தனித்தனியே பார்க்க வேண்டும், தண்ணீர் இறைக்கும் பம்ப் ஓட வேண்டும், கரையிலிருந்து கயிறு கட்டியிருக்க வேண்டும், ஏறுபவர் எல்லோரும் மிதவை அங்கி போட்டிருக்க வேண்டும். தொட்டிக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் சேர்ந்தாலும், வண்டி சாயும்போது அது முழுவதும் தாழ்ந்த பக்கம் ஓடி மேலும் சாய்க்கும். கவிழ்வது பெரும்பாலும் இப்படித்தான்.

கடைசியில் பெயின்ட். இங்கே நான் வெளிப்படையாக ஒன்று சொல்ல வேண்டும். இந்த வண்டியை ஓட்டியது நாஜி ஜெர்மனியின் படை, எஸ்எஸ் பிரிவுகள் உட்பட. இதைத் தயாரித்த வோல்க்ஸ்வாகன் ஆலையில் 1944இல் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் விரும்பி வந்தவர்கள் அல்லர். போலந்து, சோவியத் நாடு, பிரான்ஸ், நெதர்லாந்து எனப் பல இடங்களிலிருந்து கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டவர்கள், போர்க்கைதிகள், வதைமுகாம் கைதிகள். வண்டியின் பொறியியல் படிக்கத் தக்கது. அதன் மேல் அன்றைய சின்னங்களை அசல் மாதிரியே தீட்டி ஊர்வலம் போவது வேறு விஷயம். ஜெர்மனியில் ஸ்வஸ்திகாவைப் பொதுவெளியில் காட்டுவது சட்டப்படி குற்றம், கலை, கல்வி போன்ற நோக்கங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. சட்டம் இல்லாத நாட்டிலும் அதைத் தீட்டக் கூடாது என்பதே என் கருத்து.

வோல்ஃப்ஸ்பூர்க்கில் உள்ள அந்த ஆலையின் பழைய பதுங்கறை ஒன்றில், கட்டாயத் தொழிலாளர்களின் நினைவாக 1999 முதல் ஒரு கண்காட்சி இருக்கிறது. நகல் ஷ்விம்வாகனைக் கட்டி முடித்துப் பொதுமக்கள் பார்வைக்குக் கொண்டுவரும் நண்பர்கள், இன்ஜின் விவரம் எழுதும் பலகையிலேயே மூல வண்டியைச் செய்த இந்த மனிதர்களைப் பற்றியும் இரண்டு வரி எழுதி வையுங்கள்.