புளிப்பு செர்ரி: மூட்டுவலிக்கு எவ்வளவு துணை?

கடைகளில் சின்னப் பெட்டிகளில் விற்கும் செர்ரி பெரும்பாலும் இனிப்பு வகை. ஆய்வாளர்கள் அதிகம் பேசுவது அதன் உறவான புளிப்பு செர்ரியைப் பற்றி. பாரிஸுக்கு வடக்கே உள்ள மொன்மொரன்சி பள்ளத்தாக்கின் பெயரைத் தாங்கிய ரகமே இதில் புகழ்பெற்றது. அமெரிக்காவில் விளைவதில் பெரும்பங்கு மிச்சிகன் மாநிலத்தினுடையது. பறித்த பழம் நாள் தாங்காது என்பதால் சாறாகவும் உலர்பழமாகவும் உறையவைத்துமே விற்கிறார்கள்.

யூரிக் ஆசிட் தொல்லை

நள்ளிரவில் கால் பெருவிரல் வீங்கி, போர்வை பட்டாலே துடிக்கவைப்பது கௌட் வலி. யூரிக் ஆசிட் மூட்டுகளில் ஊசி ஊசியாகப் படிவதுதான் காரணம். செர்ரி சாப்பிட்டதும் வலி தணிந்ததாக 12 நோயாளிகளைப் பற்றி 1950-இல் டெக்சாஸில் ஒரு கட்டுரை வெளியானது. 2012-இல் வந்த பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வு இன்னும் பெரியது. 633 நோயாளிகளைக் கவனித்ததில், இரண்டு நாள் செர்ரி சாப்பிட்டவர்களுக்கு வலி தாக்கும் வாய்ப்பு 35 சதவீதம் குறைவாக இருந்தது. யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் அலோபுரினால் மாத்திரையும் சேர்ந்தபோது 75 சதவீதம் குறைவு. மாத்திரையோடு சேர்த்தபோது கிடைத்த பலன் இது. மாத்திரையை நிறுத்திவிட்டு அல்ல.

ஆனால், செர்ரி சாப்பிடுவோர் மற்ற உணவிலும் கட்டுப்பாடாக இருந்திருக்கலாம். 2020-இல் வெளியான நியூசிலாந்து ஆய்வில் 28 நாள் செர்ரிச் சாறு கொடுத்தும் ரத்தத்தில் யூரிக் ஆசிட் இறங்கவில்லை. செர்ரியை மருந்தாக விற்பவர்களை நம்பிவிடக் கூடாது. நோய் தீர்க்கும் என்று விளம்பரம் செய்த 29 நிறுவனங்களை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2005-இலேயே எச்சரித்தது.

தசையும் உறக்கமும்

பழத்தின் சிவப்புக்குக் காரணமான ஆந்தோசயனின்கள் அழற்சியைத் தணிக்கக்கூடியவை. மாரத்தான் ஓடிய 20 பேரிடம் நடத்திய ஆய்வில், ஓட்டத்துக்குச் சில நாள் முன்பிருந்தே சாறு குடித்தவர்களுக்குத் தசை வலிமை விரைவாகத் திரும்பியது. உறக்கத்தைத் தூண்டும் மெலடோனினும் பழத்தில் சிறிதளவு உண்டு. சாறு குடித்தவர்கள் கூடுதல் நேரம் உறங்கியதாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன.

யாருக்குக் கவனம் தேவை?

முதலில் சர்க்கரை நோயாளிகளுக்கு. சர்க்கரை சேர்க்காத சாற்றிலேயே ஒரு டம்ளருக்கு ஏறத்தாழ 25 கிராம் சர்க்கரை இருக்கிறது. பொட்டாசியம் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்ட பிறகே தொட வேண்டும். பழத்திலுள்ள சார்பிட்டால் அளவு மீறினால் வயிற்றைக் கலக்கும்.

வாங்கும்போது

உலர்பழத்திலும் பெரும்பாலும் சர்க்கரை சேர்த்திருப்பார்கள். உறையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். நம் ஊர் பேக்கரிகளில் கேக்கின் மேல் வைக்கும் சிவப்பு 'செர்ரி' பெரும்பாலும் களாக்காய். சர்க்கரைப் பாகில் ஊறவைத்து நிறமேற்றிய அதைத் தின்று இந்தப் பலன்களை எதிர்பார்க்க முடியாது.