கரையில் கேமரா, ஊருக்குள் இருட்டு

2018 நவம்பர் 15-ஆம் தேதி இரவு. தமிழ்ச் செய்தி சேனல்களில் எதைத் திருப்பினாலும் கஜா புயல்தான். நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் மழைக்கோட்டு மாட்டிய செய்தியாளர்கள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காற்றோடு மல்லுக்கு நின்றார்கள். பக்கத்தில் சுழலும் சிவப்பு வட்டம், கீழே ஓடும் ஸ்க்ரோல், “இன்னும் சற்று நேரத்தில்” என்ற வரி. நள்ளிரவு 12.30 மணிவாக்கில் புயலின் மையப்பகுதி நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே தரையேறத் தொடங்கியது. 2.30 மணிவாக்கில் கடந்து முடித்தது. காற்று மணிக்கு 100 முதல் 110 கிலோமீட்டர், இடையிடையே 120 வரை என்று வானிலை ஆய்வு மையம் கணக்குச் சொன்னது. விடிந்ததும் எல்லாத் திரையிலும் ஒரே தலைப்பு: கஜா கரையைக் கடந்தது.

கடந்த புயல் எங்கே போனது? மேற்கே போனது. திருவாரூர், தஞ்சாவூர் மாவட்டங்களின் தென்பகுதியை உலுக்கிவிட்டு, பொழுது விடிகிற நேரத்தில் புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் புகுந்து, திண்டுக்கல் பக்கம் நகர்ந்தது. டி.வி.யில் புயல் முடிந்துவிட்ட அந்தக் காலையில்தான் புதுக்கோட்டைக்காரர்களுக்குப் புயல் தொடங்கியது. அதைப் பார்க்க டி.வி. ஓடவில்லை, கரண்ட் போய்விட்டது.

குளத்தூர் வட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புதுக்கோட்டை மாவட்டத்தின் வடபகுதியில், திருச்சி சாலையை ஒட்டி இருக்கிறது. தலைமையிடம் கீரனூர். நார்த்தாமலையும் பாறைக் குன்றுகளும் கண்மாய்களும் உள்ள மேட்டுப் பூமி. மாவட்டத்துக்கு மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று கடற்கரை உண்டு என்றாலும், அது இங்கிருந்து வெகு தூரம். புயல் என்றால் அது கடலோரத்துக்காரர்களின் கவலை என்று இந்தப் பக்கத்தில் நினைப்பது இயல்பு. செய்தி சேனல்களும் அந்த நினைப்பைத்தான் வளர்த்து வைத்திருக்கின்றன. அலை அடிக்கிற இடத்தில் கேமரா நிற்கும், கேமரா நிற்கிற இடத்தில்தான் புயல் இருப்பதாகத் தோன்றும். உள்மாவட்டங்களில் புயல் வரும் வழி வேறு. முதலில் மரம் சாயும், மின்கம்பம் முறியும், பிறகு ஓட்டு வீட்டின் கூரை பறக்கும். அதற்கும் பிறகு கண்மாய் நிரம்பி, கலிங்கு தாண்டி, கரை தாங்குமா என்ற பயம். இவற்றில் எதுவும் கடல் அலை அளவுக்குத் திரையில் எடுபடுவதில்லை.

ஒரு புயல் செய்தி எப்படித் தயாராகிறது என்று பார்த்தால் இந்தக் குறை எங்கிருந்து வருகிறது என்பது விளங்கும்.

தொடக்கம் எப்போதும் சென்னை நுங்கம்பாக்கத்தில். அங்குள்ள மண்டல வானிலை ஆய்வு மையத்தின் செய்தியாளர் சந்திப்பு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தமிழ்நாடே கவனிக்கும் நிகழ்ச்சி. அதில் பேசிவந்த எஸ்.ஆர். ரமணன் 2016-இல் ஓய்வு பெறும் வரை, அவர் முகம் திரையில் தெரிந்தாலே நாளை பள்ளிக்கூடம் லீவு என்று பிள்ளைகள் துள்ளிய காலம் ஒன்று இருந்தது. கஜா வந்தபோது அந்த நாற்காலியில் எஸ். பாலச்சந்திரன். காற்றழுத்த தாழ்வு பகுதி, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம், புயல், தீவிர புயல் என்று படிப்படியாக அவர்கள் சொல்வதெல்லாம் காற்றின் வேகத்தை வைத்துத்தான். மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் தாழ்வு மண்டலம், 62-ஐத் தொட்டால் புயல், 89-ஐத் தொட்டால் தீவிர புயல், 118-ஐத் தொட்டால் மிகத் தீவிர புயல். செயற்கைக்கோள் படமும் சென்னை, காரைக்கால் ரேடார்களும் தரும் தகவலை வைத்து அவர்கள் சொல்வது கச்சிதமான அறிவிப்பு. சேனலின் செய்தி அறைக்குப் போனதும் அதில் பாதி கரைந்து, வேகமும் ஊர்ப் பெயரும் மட்டும் மிஞ்சும்.

அடுத்தது ஆள் அனுப்பும் வேலை. புயல் கரை கடக்கும் என்று சொல்லப்படும் ஊரைச் சுற்றி இரண்டு நாள் முன்பே செய்தியாளரும் ஒளிப்பதிவாளரும் போய்விடுவார்கள். முன்பு நேரலை என்றால் தலையில் தட்டு ஆன்டெனா வைத்த ஓ.பி. வேன் வேண்டும். இப்போது முதுகில் மாட்டும் ஒரு பை போதும். அதற்குள் பல கம்பெனிகளின் சிம் கார்டுகள், எந்த டவர் கிடைக்கிறதோ அதன் வழியே படம் சென்னைக்குப் போகும். ஒளிப்பதிவாளர் கேமராவுக்கு பிளாஸ்டிக் உறை போட்டு, நிமிடத்துக்கு ஒரு தடவை லென்ஸில் படியும் தூறலைத் துடைத்துக்கொண்டே இருப்பார். ஸ்டுடியோவில் இருந்து “அங்கே இப்போது நிலைமை என்ன?” என்று கேட்பார்கள். மழை பெய்கிறது, காற்று வீசுகிறது என்பதை நூறு விதமாகச் சொல்லியாக வேண்டும். வெளியில் வராதீர்கள் என்று மக்களுக்குச் சொல்லிக்கொண்டே தான் வெளியில் நிற்க வேண்டிய சங்கடம் வேறு.

இந்தப் பையில் ஒரு பெரிய பலவீனம் உண்டு. புயல் உண்மையிலேயே பலமாக அடித்தால் முதலில் சாவது செல்போன் டவர். கரண்ட் இல்லாவிட்டால் ஜெனரேட்டரில் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும், டீசல் தீர்ந்தால் அதுவும் போச்சு. ஆக, சேதம் எங்கே அதிகமோ அங்கிருந்துதான் படம் வராது. படம் வராத ஊரைச் சேதமில்லாத ஊர் என்று சென்னையில் உள்ள செய்தி மேசை எடுத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

கஜாவில் அதுதான் நடந்தது. புயலுக்கு முன் 80,000-க்கும் மேற்பட்டவர்களை அரசு முகாம்களுக்குக் கொண்டுபோயிருந்தது. நவம்பர் 16 அன்று முன்னேற்பாடுகள் நன்றாக இருந்தன என்று அப்போதைய எதிர்க்கட்சித் தலைவர் மு.க. ஸ்டாலினே பாராட்டினார். அந்த நேரத்தில் கிடைத்த தகவலுக்கு அது நியாயமான பாராட்டு. உள்ளூர்களில் இருந்து செய்தி வெளியே வர வர, படம் தலைகீழானது. சாய்ந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டின. பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஆலங்குடி பக்கத்துத் தென்னந்தோப்புகள் வேரோடு படுத்துக் கிடந்தன. அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி ஒரு வாரத்தில் டெல்லி போய்ப் பிரதமரைச் சந்தித்து 15,000 கோடி ரூபாய் கேட்டபோது, சாவு எண்ணிக்கை 63 ஆகியிருந்தது.

கொத்தமங்கலத்தை இங்கே சொல்லாமல் விட முடியாது. ஆலங்குடி வட்டத்தில் தென்னையும் வாழையும் பலாவும் பூவும் விளையும் பூமி அது. புயல் அடித்த மறுநாள், குடிதண்ணீர் இல்லை, கரண்ட் இல்லை, யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்று ஜனங்கள் சாலையை மறித்தார்கள். வாக்குவாதம் முற்றி அதிகாரிகளின் வாகனங்கள் எரிக்கப்பட்டன, கைதுகளும் நடந்தன. அன்று இரவு கொத்தமங்கலம் எல்லாத் திரைக்கும் வந்தது. வண்டியைக் கொளுத்தியது தவறு, அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் குடிக்கத் தண்ணீர் இல்லை என்பது செய்தியாகாத இடத்தில் ஜீப் எரிவது உடனே செய்தியானது என்பதைச் செய்தித் துறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

திரையில் சொல்ல வேண்டியிருந்தும் சொல்லப்படாத இன்னொரு விஷயம் புயலின் கண். சுழலும் காற்றுக்கு நடுவே அமைதியான ஒரு வட்டம் இருக்கும். அது தலைக்கு மேல் வரும்போது காற்று சட்டென்று நிற்கும். புயல் போய்விட்டது என்று வெளியே வருகிறவர்களைச் சிறிது நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து காற்று அடிக்கும். முதல் காற்றில் வேர் இளகி நின்ற தென்னை இரண்டாவது காற்றில் சாய்வது இப்படித்தான். “இப்போது காற்று நின்றிருக்கும், இன்னும் ஒரு மணி நேரம் வெளியே வராதீர்கள்” என்று ஊர் பெயர் சொல்லி ஒரு வரி ஓடவிட்டால் அது உயிரைக் காக்கும். ரேடார் படத்தை வைத்திருக்கும் சேனலுக்கு இது முடியாத காரியமில்லை.

ரேடாரைப் புரியும்படி காட்டுவது எப்படி என்பதற்கு 1961-லேயே ஒருவர் வழிகாட்டியிருக்கிறார். அமெரிக்காவில் டெக்ஸாஸ் கரையை ‘கார்லா’ சூறாவளி நெருங்கியபோது, ஹூஸ்டன் உள்ளூர் நிலையத்தின் செய்தியாளர் டான் ராதர் கால்வெஸ்டன் வானிலை அலுவலகத்துக்குப் போய் ரேடார் திரைக்கு முன்னாலேயே கேமராவை வைத்தார். அந்தத் திரை மேல் ஒளி ஊடுருவும் தாளில் வரைந்த கடற்கரை வரைபடத்தை வைத்துக் காட்டச் செய்தார். தங்கள் ஊருக்குப் பக்கத்தில் எவ்வளவு பெரிய பூதம் நிற்கிறது என்று ஜனங்கள் கண்ணால் கண்டார்கள். லட்சக்கணக்கானோர் மேட்டுப் பகுதிகளுக்குப் போனார்கள்.

நமக்குப் புயல் மாதம் ஐப்பசி, கார்த்திகை என்றால், அமெரிக்காவின் வடகிழக்குக்கு அது தை, மாசி. மழைக்குப் பதில் பனி. 1978 பிப்ரவரி 6, 7 தேதிகளில் பாஸ்டன் நகரில் 27 அங்குலத்துக்கு மேல் பனி கொட்டி, நெடுஞ்சாலையில் ஆயிரக்கணக்கான வண்டிகள் புதைந்தன. ஆளுநர் மைக்கேல் டுகாகிஸ் கோட்டு சூட்டுக்குப் பதில் ஸ்வெட்டரோடு தினமும் டி.வி.யில் வந்து, சாலைகளில் வண்டி ஓட்டத் தடை என்பதையும் அடுத்து என்ன நடக்கும் என்பதையும் சொன்னார். அந்த நாட்டு உள்ளூர் நிலையங்களிலும் பனியில் நின்று நடுங்கும் செய்தியாளர் உண்டு, அந்தக் காட்சிமோகத்தில் நமக்கு அவர்கள் அண்ணன். ஆனால் அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரு வழக்கம் இருக்கிறது. எந்தெந்த ஊரில் எந்தெந்தப் பள்ளி மூடியிருக்கிறது என்று அகர வரிசையில் திரையின் கீழே மணிக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும். சின்ன ஊரின் பெயரும் அதில் வரும். நம் ஸ்க்ரோலில் பள்ளி விடுமுறை மாவட்ட அளவோடு நின்றுவிடுகிறது. புதுக்கோட்டை என்று வரும், கீரனூர் என்று வராது.

ஜப்பானில் பேரிடர் நேரத்தில் செய்தி சொல்வது சட்டத்திலேயே இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் பேரிடர் சட்டத்தின் கீழ் என்.ஹெச்.கே. ஒலிபரப்பு நிறுவனத்துக்குக் கடமைகள் உண்டு. வேறு நிகழ்ச்சி ஓடும்போதும் திரையின் ஓரத்தில் ஒரு பட்டையை ஒதுக்கி, எச்சரிக்கைகளை ஓட்டிக்கொண்டே இருக்கும்.

நம் ஊரில் பழைய படம் பெரிய தொல்லை. கஜாவில் சாய்ந்த தென்னை நிவர் புயலிலும் சாயும், வர்தா புயலில் சென்னையில் விழுந்த மரம் ஃபெஞ்சல் புயலிலும் விழும். பார்ப்பவருக்கு இது இன்றைக்கா, நேற்றா, எந்த வருஷமா என்று தெரியாது. வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு 2024 ஆகஸ்டில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. இயற்கைப் பேரிடர் காட்சிகளின் மேலே எடுக்கப்பட்ட தேதியும் நேரமும் போட வேண்டும் என்பது அது. எல்லாச் சேனலும் எப்போதும் பின்பற்ற வேண்டிய நல்ல விதி.

நெருக்கடியில் ஊர்ப் பெயரோடு செய்தி சொல்லக்கூடியவர்கள் இரண்டு பேர். ஒருவர் மாவட்டச் செய்தியாளருக்கும் கீழே வட்ட அளவில் ஓடித் திரியும் பகுதிநேரச் செய்தியாளர். மாதச் சம்பளம் இல்லாமல் செய்திக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, சொந்த பைக்கில் பெட்ரோல் போட்டுப் போகிறவர்கள் இவர்களில் பலர். எந்தக் கண்மாய் எப்போது நிரம்பும், எந்தத் தரைப்பாலம் முதலில் மூழ்கும் என்பதெல்லாம் இவர்களுக்கு அத்துப்படி. சென்னையிலிருந்து வரும் சிறப்புச் செய்தியாளர் கரையில் நிற்கும்போது இவருடைய குரல் போனில் அரை நிமிடம் ஒலித்தால் பெரிது. இன்னொருவர் உள்ளூர் கேபிள்காரர். கல்யாண வாழ்த்தும் கோயில் திருவிழாவும் ஓட்டுகிற அந்தச் சேனலில், மழை நாட்களில் வட்டாட்சியர் அலுவலக எண்ணும் முகாம் நடக்கும் பள்ளிக்கூடத்தின் பெயரும் ஓடவிட்டால், அதைவிட உபயோகமான செய்தி அந்த வாரத்தில் வேறு இருக்காது.

கரண்ட் போன பிறகு டி.வி.யும் கேபிளும் நின்றுவிடும். அப்போது மிஞ்சுவது ரேடியோ. 1939 முதல் ஒலிக்கும் திருச்சி வானொலி பக்கத்திலேயே இருக்கிறது. இரண்டு பேட்டரி போட்டால் டிரான்சிஸ்டர் நாள்கணக்கில் பாடும். பழைய தலைமுறை அதைப் பரணில் போட்டுவிட்டது, புதிய தலைமுறை வாங்கவே இல்லை.

கஜாவுக்குப் பிந்தைய நாட்களில் நினைவில் நிற்க வேண்டிய காட்சி ஒன்று உண்டு. வெளி மாவட்டங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த மின்வாரியத் தொழிலாளர்கள், லாரி போக முடியாத சேற்று வயலில் மின்கம்பத்தைத் தோளில் சுமந்து நடந்தார்கள். முழங்கால் வரை சேறு, கம்பத்தின் கீழே வரிசையாகத் தோள்கள். கடலலையைவிட இதுதான் புயல் செய்தி. இது நடந்தது நவம்பர் 15 இரவில் இல்லை, அதற்குப் பிறகு வந்த பல நாட்களில்.

ஐப்பசி பிறப்பதற்குள் வாசகர்கள் ஒரு டிரான்சிஸ்டரும் பேட்டரியும் வாங்கி வைக்கலாம். மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070. இரண்டையும் போனில் மட்டுமல்லாமல் சுவரிலும் எழுதி வைக்கலாம். செய்தி ஆசிரியர்களிடம் கேட்பது இதுதான்: அடுத்த புயலுக்கு ஒருவரை நாகையில் நிறுத்தும்போது ஊருக்கு ஒருவராகக் கீரனூரிலும் ஆலங்குடியிலும் நிறுத்துங்கள். கடைசி ஊருக்குக் கரண்ட் வரும் வரை அவர்களைத் திரும்ப அழைக்காதீர்கள்.