ஒரு கைப்பிடி கம்பு

ஞாயிற்றுக்கிழமை காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டுத் தேக்கா ஈரச்சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். ஓரமாக நின்றிருந்த பெரியவர் ஒருவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு கைப்பிடி கம்பை எடுத்துத் தரையில் வீசினார். முப்பது நாற்பது மாடப்புறாக்கள் சடசடவென இறங்கின. அவை அவருக்காகவே காத்திருந்தவை என்பது பார்த்தவுடன் தெரிந்தது.

பேசாமல் போயிருக்கலாம். வானொலிக்காரனின் வாய் சும்மா இருக்குமா? "ஐயா, அபராதம் போடுவாங்க" என்றேன்.

"தெரியும் தம்பி" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

2020 ஜூனில் நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டப்படி, அனுமதியின்றிப் புறாவுக்குத் தீனி போட்டால் முதல் முறை 5,000 வெள்ளி வரை, மீண்டும் போட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம். காரணம் இல்லாமல் இல்லை. தீனி தாராளமாகக் கிடைத்தால் மாடப்புறா ஆண்டு முழுவதும் கூடு கட்டும். ஒவ்வொரு முறையும் இரண்டு முட்டை, ஏறக்குறைய 18 நாளில் குஞ்சு. எச்சத்தைக் கழுவித் துடைக்கும் துப்புரவு ஊழியர்களிடம் கேட்டால் மிச்சத்தைச் சொல்வார்கள்.

பெரியவருக்கு 75 வயது. பரமக்குடிப் பக்கம் வானம் பார்த்த பூமியில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது கம்பு அறுவடை முடிந்ததும் களத்து மேட்டில் கொஞ்சம் தானியத்தைச் சிதறவிட்டு, நடுவில் கண்ணி வைப்பார்களாம். "முதல் ரெண்டு நாள் கண்ணியே வைக்க மாட்டோம். சும்மா தீனி மட்டும்தான். பயம் போகணும்ல? மூணாவது நாள் குடும்பத்தோட வந்து இறங்கும்." அப்போது வீட்டில் கறி என்றால் அதுதான். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முந்தைய கதை.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோது, அமெரிக்காவில் இதற்கென்றே வயல் போடுகிறார்கள் என்று தெரிந்தது. தென்மாநிலங்களில் சூரியகாந்தியும் தினை வகைகளும் விதைக்கிறார்கள். சூரியகாந்தி முற்ற ஏறத்தாழ 100 நாள் ஆகும். பல மாநிலங்களில் செப்டம்பர் 1ஆம் தேதி வேட்டைப் பருவம் தொடங்குவதால், அதைக் கணக்குப் போட்டு வசந்தத்திலேயே விதைத்துவிடுகிறார்கள். புறாவுக்குக் கோழியைப்போல் கிளறத் தெரியாது, கால் வலுவில்லை. அதனால் களையெடுத்து, வரிசைகளுக்கிடையே மண் வெறுமையாகத் தெரியும்படி வைக்கிறார்கள். பிறகு தட்டைகளை வெட்டிச் சாய்த்தால் விதை உதிரும், புறா வரும், துப்பாக்கியும் வரும்.

அங்கும் சட்டம் உண்டு, விசித்திரமான சட்டம். அந்த நிலத்திலேயே விளைந்த பயிரை வெட்டிச் சாய்த்துவிட்டுச் சுடலாம். வெளியிலிருந்து ஒரு மூட்டை தானியம் கொண்டுவந்து கொட்டிவிட்டுச் சுட்டால் குற்றம். கொட்டியதை முழுக்க அள்ளிய பிறகும் 10 நாளுக்கு அங்கே சுடக்கூடாது. புறாவுக்கு இந்த வித்தியாசம் எப்படித் தெரியும் என்று எனக்குப் புரியவில்லை. வேட்டைக்காரனின் கௌரவத்துக்காக எழுதிய விதியாகத்தான் எனக்குத் தோன்றுகிறது.

பெரியவரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன்: "பாவம் தீரணும்னா போடுறீங்க?"

சிரித்தார். "பாவம் புண்ணியமெல்லாம் இல்ல தம்பி. கம்பைப் பார்த்தா இன்னும் இறங்குதான்னு பார்ப்பேன். அப்போ இறங்கினா சந்தோஷம், பிடிக்கலாம்னு. இப்பவும் சந்தோஷம்தான்."

"இதால இங்க கூட்டம் பெருகி, பிறகு அதைக் குறைக்க ஆள் வந்தா?"

அவர் பதில் சொல்லவில்லை. கையில் மீதமிருந்த கம்பைப் பார்த்தார். அதை மறுபடியும் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு சிராங்கூன் சாலையை நோக்கி நடந்தார். நாலைந்து புறாக்கள் தலையை ஆட்டி ஆட்டி, சாலையோரம் வரை அவர் பின்னாலேயே போயின.