என்.பி.ஏ. சம்பள உச்சவரம்பும் போட்டிச் சமநிலையும்

வட அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வில் ஓர் அணி தன் வீரர்களுக்கு மொத்தமாக எவ்வளவு சம்பளம் கொடுக்கலாம் என்பதை வரையறுக்கும் விதி சம்பள உச்சவரம்பு எனப்படும். இதற்கு இரண்டு நோக்கங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, அணிகளின் செலவைக் கட்டுக்குள் வைப்பது. மற்றொன்று, வருவாய் மிகுந்த பெருநகர அணிகளே சிறந்த வீரர்கள் அனைவரையும் வாங்கிவிடாமல் தடுத்துப் போட்டிச் சமநிலையைக் காப்பது. போட்டிச் சமநிலை என்பது, பருவம் தொடங்கும்போது எந்த ஊர் ரசிகருக்கும் தம் அணி வெல்லக்கூடும் என்ற நம்பிக்கை இருக்கும் நிலையைக் குறிக்கும்.

முதல் நோக்கம் பெருமளவு நிறைவேறியது. இரண்டாவது நோக்கத்தில் உச்சவரம்பு நெடுங்காலம் வெற்றி பெறவில்லை. அதற்குக் காரணம் விதியில் மட்டும் இல்லை, ஆட்டத்தின் தன்மையிலும் இருக்கிறது.

ஒரு வீரரின் எடை

கூடைப்பந்தில் ஓர் அணிக்கு ஐந்து பேர் மட்டுமே களத்தில் நிற்பர். மிகச் சிறந்த வீரர் 48 நிமிட ஆட்டத்தில் 35 நிமிடங்களுக்கு மேல் ஆடுவது சாதாரணம். பதினொருவர் ஆடும் கால்பந்திலோ, எறிபவர் நாள்தோறும் மாறும் பேஸ்பாலிலோ தனியொருவருக்கு இத்தனை பங்கு கிடையாது. கிளீவ்லாந்து கவாலியர்ஸ் அணி 2009–10 பருவத்தில் 82 ஆட்டங்களில் 61 வென்றது. அடுத்த கோடையில் லெப்ரான் ஜேம்ஸ் அணியை விட்டு விலகினார். 2010–11 பருவத்தில் அதே அணி வென்றவை 19 மட்டுமே. இடையில் தொடர்ந்து 26 ஆட்டங்களில் தோற்றது.

இத்தகைய வீரர்கள் உலகிலேயே மிகச் சிலர். மிக உயரமாகவும் மிகத் திறமையாகவும் இருப்போரின் எண்ணிக்கை இயற்கையிலேயே குறைவு என்பதால்தான் கூடைப்பந்தில் ஏற்றத்தாழ்வு அதிகம் என்று டேவிட் பெர்ரி முதலிய பொருளியலாளர்கள் 2005-இல் வாதிட்டனர். இக்கருத்து சரியெனில், முப்பது அணிகளுக்கும் ஒரே அளவு பணம் கொடுத்தாலும் சமநிலை வந்துவிடாது. முப்பது லெப்ரான்கள் இல்லையே.

உச்சவரம்பின் தோற்றம்

1946–47-இல், தொடரின் முதல் பருவத்திலேயே, அணிக்கு 55,000 டாலர் என ஒரு வரம்பு இருந்தது. ஓராண்டிலேயே அது கைவிடப்பட்டது. அதன் பின் 1957 முதல் 1969 வரையிலான 13 பருவங்களில் பாஸ்டன் செல்டிக்ஸ் 11 முறை பட்டம் வென்றது.

இன்றைய முறை 1983-ஆம் ஆண்டின் உடன்பாட்டில் பிறந்தது. அப்போது பல அணிகள் நட்டத்தில் தள்ளாடின. வீரர் சங்கம் உச்சவரம்பை ஏற்றது. மாற்றாக, வருவாயில் 53 விழுக்காடு வீரர்களுக்கு என்று உரிமையாளர்கள் உறுதியளித்தனர். 1984–85 பருவத்தில் நடைமுறைக்கு வந்த வரம்பு 36 லட்சம் டாலர். 2025–26 பருவத்தில் அது சுமார் 15.46 கோடி டாலர். வருவாய் உயர்ந்தால் வரம்பும் உயரும் என்பதே இம்முறையின் அடிப்படை.

அமெரிக்கக் கால்பந்துத் தொடரான என்.எஃப்.எல்.லில் இருப்பது கடும் வரம்பு. அங்கே வரம்பைத் தாண்ட இயலாது. என்.பி.ஏ.வினுடையது நெகிழ்வான வரம்பு. அதாவது, தாண்டுவதற்கான வழிகளும் விதிநூலிலேயே எழுதப்பட்டுள்ளன. அவற்றுள் முதன்மையானது, செல்டிக்ஸ் வீரர் லேரி பேர்டின் பெயரால் வழங்கும் விதிவிலக்கு. ஓர் அணி தன்னிடம் ஏற்கெனவே உள்ள வீரரை, ஒப்பந்தம் முடிந்தபின், வரம்பைத் தாண்டியும் மீண்டும் அமர்த்திக்கொள்ளலாம்.

உள்ளூர் ரசிகர்கள் நேசிக்கும் வீரரை இழக்கக்கூடாது என்பது இதன் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் இதனால் வலிய அணி வலிமையாகவே நீடிக்க முடிந்தது. 1997–98-இல் அணி ஒன்றுக்கான வரம்பு 2.69 கோடி டாலர். அப்பருவத்தில் சிகாகோ புல்ஸ் அணி மைக்கேல் ஜோர்டான் ஒருவருக்கே கொடுத்தது 3.31 கோடி டாலர். ஓர் அணிக்குரிய வரம்பை ஒரு வீரரின் சம்பளம் விஞ்சியது. சிகாகோ அந்த ஆண்டும் வென்று, எட்டு ஆண்டுகளில் ஆறாவது பட்டத்தைப் பெற்றது.

இவ்விதியைக் குறுக்கு வழியில் பயன்படுத்த முயன்று மாட்டிக்கொண்ட அணியும் உண்டு. மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ், ஜோ ஸ்மித் என்ற வீரரைக் குறைந்த சம்பளத்தில் ஓராண்டு ஒப்பந்தங்களில் வைத்திருந்து, பேர்ட் விதிவிலக்குக்கான தகுதி வந்தபின் பெருந்தொகை தருவதாக இரகசிய உடன்படிக்கை செய்திருந்தது. 2000-இல் இது வெளிப்பட்டது. அணிக்கு 35 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டதுடன், புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்று உரிமைகள் சிலவும் பறிக்கப்பட்டன.

தனிநபர் வரம்பும் அதன் எதிர்பாராத விளைவும்

1997-இல் அதே மினசோட்டா அணி, 21 வயது கெவின் கார்னெட்டுக்கு ஆறு ஆண்டுகளுக்கு 12.6 கோடி டாலர் கொடுத்தது. உரிமையாளர்கள் அதிர்ந்தனர். அடுத்த ஆண்டு அவர்கள் கதவடைப்புச் செய்தனர். 82 ஆட்டப் பருவம் 50 ஆட்டங்களாகச் சுருங்கியது. 1999-இல் முடிவான ஒப்பந்தம், அணிக்கு மட்டுமின்றித் தனி வீரருக்கும் வரம்பு விதித்தது. ஆறாண்டு வரை அனுபவம் உள்ளவருக்கு உச்சவரம்பில் 25 விழுக்காடு, ஏழு முதல் ஒன்பது ஆண்டு எனில் 30, பத்தாண்டும் அதற்கு மேலும் எனில் 35 என்பது இன்றைய பொது அளவு.

வீரர் சங்கம் இதற்கு ஏன் இசைந்தது என்ற ஐயம் எழலாம். சங்க உறுப்பினருள் பெரும்பாலோர் நட்சத்திரங்கள் அல்லர். வீரர்களுக்கான மொத்தத் தொகை வருவாயின் பங்காக முன்பே முடிவாகிவிடுவதால், உச்சியில் இருப்பவருக்குக் குறைந்தால் நடுவில் இருப்பவருக்குக் கூடும்.

ஆனால் இவ்விதி சமநிலைக்கு எதிராக வேலை செய்தது. கணக்கிட்டுப் பார்த்தால் எளிதில் விளங்கும். ஒரு நட்சத்திர வீரரின் உண்மையான மதிப்பு உச்சவரம்பில் பாதி என்று கொள்வோம். அவருக்குக் கொடுக்கக்கூடியது 35 விழுக்காடு. மீதி 15 விழுக்காடு அவரை வைத்திருக்கும் அணிக்கு இலவச ஆதாயம். அத்தகைய இருவர் இருந்தால் ஆதாயம் 30 விழுக்காடு. தனிநபர் வரம்பு இல்லையெனில், இடம் உள்ள ஏழை அணி ஒன்று அவருக்கு இரட்டிப்புத் தொகை கூறித் தன்பக்கம் இழுக்கலாம். வரம்பு இருப்பதால் எல்லா அணிகளும் ஏறத்தாழ ஒரே தொகையைத்தான் கூற முடியும். தொகை ஒன்றானபின் வீரர் எதைப் பார்ப்பார்? நகரம், தட்பவெப்பம், மாநில வருமான வரி, உடன் ஆடப்போகும் நண்பர்கள்.

2010 கோடையில் நடந்தது இதுவே. லெப்ரான் ஜேம்ஸ், கிறிஸ் போஷ் இருவரும் மயாமிக்குச் சென்று அங்கிருந்த டுவைன் வேடுடன் சேர்ந்தனர். மூவரும் பெறக்கூடியதைவிடச் சற்றுக் குறைவாகவே பெற்றனர். மயாமி ஹீட் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் இறுதிப்போட்டியை எட்டி, 2012, 2013-இல் பட்டம் வென்றது.

ஆடம்பர வரியும் ஓக்லஹோமா சிட்டியும்

வரம்பைத் தாண்டும் அணிகளுக்குக் கடிவாளமாக 2002–03 முதல் ஆடம்பர வரி வசூலிக்கப்படுகிறது. உச்சவரம்புக்கு மேலே வேறொரு கோடு உண்டு. அதைத் தாண்டிய ஒவ்வொரு டாலருக்கும் ஒரு டாலர் வரி என்பது தொடக்க விதி. 2011-ஆம் ஆண்டுக் கதவடைப்புக்குப் பின் இது படிநிலை வரியானது. 2013–14 விகிதப்படி, கோட்டை 2 கோடி டாலர் தாண்டிய அணி கட்டவேண்டிய வரி 4.5 கோடி டாலர்.

பணக்கார உரிமையாளர் இதைக் கட்டிவிடுவார். புரூக்ளின் நெட்ஸ் 2013–14-இல் சுமார் 9 கோடி டாலர் வரி கட்டியது. கிடைத்தது 44 வெற்றிகளும் இரண்டாம் சுற்றுத் தோல்வியும்தான். பணம் மட்டும் பட்டம் வாங்கித் தருவதில்லை என்பதற்கு இது சான்று. ஆனால் சிறிய நகரங்களில் வரியின் அச்சம் மட்டுமே ஓர் அணியைக் கலைத்துவிடும்.

ஓக்லஹோமா சிட்டி தண்டர், விலைகொடுத்து வாங்காமல் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுத்து வளர்த்த அணி. கெவின் டுராண்ட், ரசல் வெஸ்ட்புரூக், ஜேம்ஸ் ஹார்டன் மூவரையும் கொண்டு 2012-இல் இறுதிப்போட்டியில் ஆடியது. சில மாதங்களில் ஹார்டனின் புதிய ஒப்பந்தப் பேச்சு வந்தது. அவர் கேட்ட தொகையைக் கொடுத்தால் புதிய படிநிலை வரி பாயும். அக்டோபர் மாதம் அவரை ஹியூஸ்டனுக்கு மாற்றிவிட்டனர். பின்னாளில் டுராண்ட் 2014-லும், வெஸ்ட்புரூக் 2017-லும், ஹார்டன் 2018-லும் தொடரின் மிகச் சிறந்த வீரர் விருது பெற்றனர். மூவரும் சேர்ந்து ஆடிய அணி ஒரு பட்டமும் வெல்லவில்லை. சிறு நகரங்களைக் காப்பதற்கென்று கொண்டுவந்த விதியின் சுமை அத்தகைய ஒரு நகரத்தின் மேல்தான் விழுந்தது.

2016

புதிய தொலைக்காட்சி ஒப்பந்தத்தால் உச்சவரம்பு ஒரே ஆண்டில் 7 கோடியிலிருந்து 9.41 கோடி டாலராகத் தாவியது. உயர்வைச் சில ஆண்டுகளுக்குப் பரப்பலாம் என்ற நிர்வாகத்தின் யோசனையை வீரர் சங்கம் ஏற்கவில்லை. அப்போது கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் ஸ்டீபன் கறி, 2012-இல் காயங்களுக்கிடையே கையெழுத்திட்ட நான்காண்டு, 4.4 கோடி டாலர் ஒப்பந்தத்தில் இருந்தார். 73 ஆட்டங்களை வென்று சாதனை படைத்த அணிக்கு, மலிவான கறியாலும் உயர்ந்த வரம்பாலும் இடம் கிடைத்தது. அந்த இடத்தில் வந்து சேர்ந்தவர் ஓக்லஹோமா சிட்டியின் டுராண்ட். அவ்வணி 2017, 2018 பட்டங்களை வென்றது.

இரண்டாம் தடுப்பு

2023 ஒப்பந்தம் வேறு வழியைக் கையாண்டது. வரிக்கோட்டுக்கு மேல் இரண்டு தடுப்புக்கோடுகள். இரண்டாம் கோட்டைத் தாண்டும் அணி, வரியோடு ஆளெடுக்கும் உரிமைகளையும் இழக்கும். இரு வீரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒரு பெரிய வீரரை மாற்றாகப் பெற முடியாது. வரம்புக்கு மேல் புதியவரை அமர்த்தும் சலுகைகள் பெரும்பாலும் இல்லை. எதிர்கால முதல் சுற்றுத் தேர்வுரிமை ஒன்று முடக்கப்படும். பணத்தால் ஈடுகட்ட முடியாத தண்டனை இது. வரம்பு ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் உயரக்கூடாது என்றும் சேர்க்கப்பட்டது. 2016 மீண்டும் நிகழாமல் இருக்கவே அந்த ஏற்பாடு.

விளைவு விரைவில் தெரிந்தது. 2024-இல் பட்டம் வென்ற பாஸ்டன் அணிக்கு, அதே வீரர்களோடு 2025–26-இல் ஆடினால் சம்பளமும் வரியும் சேர்ந்து 50 கோடி டாலரைத் தாண்டும் என்று மதிப்பிடப்பட்டது. 2025 கோடையில் ஜூரூ ஹாலிடே போர்ட்லாந்துக்கும், கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸ் அட்லாண்டாவுக்கும் அனுப்பப்பட்டனர்.

2019 முதல் 2025 வரை ஏழு ஆண்டுகளில் ஏழு வெவ்வேறு அணிகள் பட்டம் வென்றன. தொடரின் வரலாற்றில் இது முதன்முறை. இதற்கான பெருமையைப் புதிய விதிக்குக் கொடுப்போர் உண்டு. அது முழுமையும் சரியன்று. ஏழில் ஐந்து பட்டங்கள் புதிய விதிகள் நடைமுறைக்கு வருமுன்பே வெல்லப்பட்டவை. 2021-இல் மில்வாக்கியும் 2023-இல் டென்வரும் வென்றதற்கு, யானிஸ் அடெடோகும்போவை 15-ஆவது தேர்வாகவும் நிகோலா யோகிச்சை 41-ஆவது தேர்வாகவும் கண்டெடுத்த கண்கள்தாம் முதற்காரணம்.

2025-இல் வென்ற அணி, பழைய அதே ஓக்லஹோமா சிட்டி தண்டர். அவ்வாண்டு ஜேலன் வில்லியம்ஸ், செட் ஹோம்கிரென் இருவரும் புதியவர்களுக்கென 1995 முதல் நிர்ணயிக்கப்பட்டுவரும் குறைந்த சம்பளத்தில் ஆடினர். பட்டம் வென்ற சில வாரங்களில் இருவருக்கும் ஐந்தாண்டுப் பெரும் ஒப்பந்தங்களும், ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டருக்கு நான்காண்டுகளுக்கு 28.5 கோடி டாலர் ஒப்பந்தமும் அளிக்கப்பட்டன. முதல் இரண்டும் 2026–27-இலும், மூன்றாவது அதற்கடுத்த பருவத்திலும் தொடங்குபவை. மூன்று நட்சத்திரங்களையும் ஒன்றாக வைத்திருப்பதா என்று 2012-இல் எழுந்த அதே கேள்வி, இம்முறை இரண்டாம் தடுப்புக்கோட்டோடு சேர்ந்து அவ்வூரின் முன் நிற்கிறது.