வளர்நிலை லினக்ஸும் அதனைச் சோதிப்போரும்

கணிப்பொறி என்னும் யந்திரம் தானாக எதனையும் செய்ய வல்லதன்று. விசைப்பலகையில் தட்டிய எழுத்தைத் திரையில் காட்டுவதும், எழுதியதைத் தட்டில் சேமிப்பதும், அச்சுப்பொறியை இயக்குவதும் இயங்குதளத்தின் பணிகளாகும். உலகெங்கும் வழங்கும் இயங்குதளங்களுள் லினக்ஸ் தனிச் சிறப்புடையது. அதன் மூல நிரல் யாவருக்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளது. விரும்பியவர் அதைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம்.

1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் இதன் கருவை வெளியிட்டார். கருவோடு ஆயிரக்கணக்கான பயன்பாட்டு நிரல்களையும் பொதிகளாகச் சேர்த்துத் தருவதற்கு ‘வழங்கல்’ என்று பெயர். 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன், இவ்வகை வழங்கல்களுள் மூத்தவற்றில் ஒன்று. சி-டாக் நிறுவனத்தின் சென்னை நிலையம் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட ‘பாஸ்’ எனப்படும் பாரத இயங்குதளமும் டெபியனையே அடிப்படையாகக் கொண்டது. இந்திய மொழிகளில் பணியாற்ற வசதி செய்து தருவது அதன் முதன்மையான நோக்கங்களுள் ஒன்றாகும்.

மூன்று படிகள்

புதிய நெல் விதையை ஆராய்ச்சிப் பண்ணையில் பயிரிட்டுப் பார்த்த பின்னரே உழவரிடம் கொடுப்பது வழக்கம். டெபியனிலும் இத்தகைய முறையே பின்பற்றப்படுகிறது. ஒரு நிரலின் புதிய வடிவம் முதலில் ‘சிட்’ எனப்படும் நிலையற்ற பதிப்பில் இடம்பெறுகிறது. டெபியன் பதிப்புகளுக்கு ‘டாய் ஸ்டோரி’ என்னும் திரைப்படத்தின் பாத்திரங்களது பெயர்களைச் சூட்டுவது மரபு. அப்படத்தில் பொம்மைகளை உடைக்கும் சிறுவனின் பெயரே சிட் என்பதால், அப்பதிப்பின் இயல்பு பெயரிலேயே விளங்குகிறது.

அங்கு சில நாள்கள் தங்கிய பொதி, கடுமையான புதிய பிழை ஏதும் புலப்படாதாயின், தான் சார்ந்துள்ள பிற பொதிகளும் ஆயத்தமாக இருப்பின், ‘சோதனைப் பதிப்பு’க்கு உயர்த்தப்படுகிறது. ஏறத்தாழ ஈராண்டுக்கு ஒருமுறை சோதனைப் பதிப்பில் புதியன சேர்ப்பதை நிறுத்தி, எஞ்சிய பிழைகளைக் களைந்து, ‘நிலைப் பதிப்பு’ என அறிவிக்கின்றனர். 2025 ஆகஸ்ட் 9 அன்று ‘ட்ரிக்ஸி’ என்னும் 13-ஆம் நிலைப் பதிப்பு வெளிவந்தது. அதன்பின் தொடங்கிய சோதனைப் பதிப்பிற்கு ‘ஃபோர்க்கி’ என்று பெயர்.

அரை விநாடி காத்த உண்மை

வளர்நிலைப் பதிப்பின் ஆபத்தும் பயனும் 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒருசேர வெளிப்பட்டன. தொலைவிலுள்ள கணிப்பொறிக்குள் நுழைய உதவும் நிரல், டெபியனின் நிலையற்ற பதிப்பில் வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாக இயங்குவதை ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்னும் பொறியாளர் கவனித்தார். அற்பமான தாமதம் என்று அவர் அதனை விட்டுவிடவில்லை. காரணத்தைத் தேடிச் சென்றபோது, கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் ‘எக்ஸ்-இசட்’ என்னும் பொதியின் 5.6.0, 5.6.1 ஆகிய வடிவங்களில் ஒரு கள்ளவழி புகுத்தப்பட்டிருப்பது தெரியவந்தது. ஈராண்டுகளுக்கு மேல் பங்களித்து நம்பிக்கை பெற்ற ஒருவரது பெயரிலேயே இச்சதி நிகழ்ந்திருந்தது.

நிலையற்ற பதிப்பிலும் சோதனைப் பதிப்பிலும் அப்பொதி நுழைந்துவிட்டது. நிலைப் பதிப்பையோ அது எட்டவில்லை. சோதிப்போர் இல்லாதிருந்தால், கோடிக்கணக்கான மக்கள் நம்பியிருக்கும் யந்திரங்களின் கதவு அந்நியருக்குத் திறந்திருக்கக்கூடும்.

நிறுவும் முறை

வளர்நிலைப் பதிப்பை நிறுவ விரும்புவோர் முதற்கண் தம் கோப்புகள் அனைத்தையும் வேறொரு தட்டில் பிரதி எடுத்து வைத்தல் வேண்டும். அன்றாட அலுவலுக்குரிய கணிப்பொறியை இதற்குப் பயன்படுத்துதல் தகாது. பழைய கணிப்பொறி ஒன்றோ, தட்டில் தனியாக ஒதுக்கிய பகுதியோ, கணிப்பொறிக்குள் இயங்கும் மெய்நிகர் கணிப்பொறியோ போதுமானது.

அடுத்து, நிலைப் பதிப்பின் நிறுவல் கோப்பை இணையத்திலிருந்து இறக்கி, அதன் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டு, விரலளவு நினைவுக்கோலில் எழுத வேண்டும். அக்கோலிலிருந்து கணிப்பொறியைத் தொடங்கினால் நிறுவும் நிரல் தோன்றும். வரைகலை முறையில் நிறுவுவோர் தமிழையே மொழியாகத் தேர்ந்து கொள்ளலாம்.

நிலைப் பதிப்பு செவ்வனே இயங்கிய பின்னரே மேம்படுத்தும் வேலை தொடங்குகிறது. பொதிகள் எங்கிருந்து வரவேண்டும் என்பதைக் குறிக்கும் மூலப் பட்டியலில் ‘ட்ரிக்ஸி’ என்றிருப்பதை ‘ஃபோர்க்கி’ என்று மாற்றுதல் வேண்டும். பெயருக்குப் பதிலாகச் சோதனைப் பதிப்பு என்ற பொதுச் சொல்லைக் குறிப்பின், ஃபோர்க்கி நிலைப் பதிப்பாகிய பின்னும் அக்கணிப்பொறி அதற்கடுத்த சோதனைப் பதிப்பையே பின்தொடரும். இவ்வேறுபாட்டை முன்னரே சிந்தித்து முடிவு செய்தல் நலம்.

பின்னர் ‘ஆப்ட்’ என்னும் கருவியைக் கொண்டு பட்டியலைப் புதுப்பித்து, முதலில் சிறு மேம்பாட்டையும் அதன்பின் முழு மேம்பாட்டையும் நிறைவேற்றலாம். முழு மேம்பாட்டின்போது எவ்வெப் பொதிகள் நீக்கப்படும் என்று கருவி அறிவிக்கும். அப்பட்டியலைப் படியாமல் இசைவு தருவோரே பெரும்பாலும் இன்னலுக்கு உள்ளாகின்றனர். கடும் பிழையுள்ள பொதிகளை நிறுவுமுன்பே எச்சரிக்கும் துணைக்கருவியும் உண்டு. புதிய கரு இயங்கவில்லையெனில், தொடக்கப் பட்டியலில் பழைய கருவைத் தேர்ந்து மீளலாம். ஆதலின் பழைய கருவை உடனே நீக்கிவிடலாகாது.

ஒன்றை மறத்தலாகாது. மேற்படிக்கு ஏறுவது எளிது. கீழ்ப்படிக்கு இறங்கும் வழியை டெபியன் ஆதரிப்பதில்லை. திரும்ப வேண்டுமாயின் புதிதாக நிறுவுவதே முறை. பாதுகாப்புத் திருத்தங்களும் நிலைப் பதிப்பிற்குக் கிடைப்பது போல் சோதனைப் பதிப்பிற்கு உடனுக்குடன் கிடைப்பதில்லை.

எல்லை ஊர்களின் தேவை

இத்துணை இடர்களுக்கிடையே இதனை ஏன் நிறுவ வேண்டும் என்னும் வினா எழலாம். ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி மாவட்டத்தில், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டியுள்ள நாகலாபுரத்தை எடுத்துக் கொள்வோம். தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் இத்தகைய ஊர்களில், ஒரே ஆவணத்தில் இரு லிபிகளும் இடம்பெற வேண்டிய தேவை எழுவது இயல்பே.

‘கொடி’ என்னும் சொல்லில் முதலெழுத்தின் குறி ககரத்தின் இருபுறமும் நிற்கிறது. ஆனால் கணிப்பொறியின் நினைவகத்தில் ககரம் முன்னும் குறி பின்னுமாகவே பதிவாகின்றன. தெலுங்கிலோ, கூட்டெழுத்தின் இரண்டாம் மெய் பெரும்பாலும் முதல் மெய்யின் அடியில் அமைகிறது. இவற்றை ஒழுங்குபடுத்தித் திரையில் வரைவது ‘ஹார்ஃப்பஸ்’ போன்ற எழுத்துரு அமைப்பு நிரல்களின் வேலை. அவற்றிலோ எழுத்துருக்களிலோ செய்யப்படும் சிறு மாற்றம் ஒரு குறியை இடம்பெயர்த்துவிடலாம். யந்திரத்திற்கு அது பிழையாகத் தோன்றாது. ஜெர்மனியிலோ ஜப்பானிலோ உள்ள பொறியாளரின் கண்ணுக்கும் புலப்படாது. தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவரே அதைக் கண்டு கூற இயலும்.

அப்பிழையைச் சோதனைக் காலத்திலேயே தெரிவித்தால், திருத்தம் நிலைப் பதிப்பிலேயே இடம்பெறும். தெரிவிப்பார் இல்லையெனில், பிழை நிலைப் பதிப்போடு பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் சென்று பல மாதங்கள் நிலைத்துவிடக்கூடும். பிழையை அறிவிக்கும்போது பொதியின் பெயர், அதன் வடிவ எண், செய்த செயல், எதிர்பார்த்த பயன், கிடைத்த பயன் ஆகியவற்றை வரிசையாக எழுதினால் போதும். இதற்கென அமைந்த கருவி பொதியைப் பற்றிய விவரங்களைத் தானே சேர்த்துக் கொள்ளும்.

நிரல் எழுதும் திறமை எல்லோருக்கும் வாய்ப்பதன்று. உற்றுநோக்கும் கண்ணும், கண்டதைத் தெளிவாகக் குறிக்கும் பழக்கமும் மாணவர் எவருக்கும் கைவரக் கூடியவை. கல்லூரிதோறும் ஒரு பழைய கணிப்பொறியை இப்பணிக்கென ஒதுக்கினால், நம் மொழிகளுக்குரிய திருத்தங்கள் உரிய காலத்தில் நிகழும். அரை விநாடித் தாமதத்தை ஒருவர் பொருட்படுத்தியதால் உலகம் பெரும் தீங்கினின்று தப்பியது. இடம்மாறி நிற்கும் ஒரு கொம்பையோ காலையோ பொருட்படுத்துவதும் அத்தகைய தொண்டேயாகும்.